நகலின் மேலே நான் எழுதிய ஒரு வரி

கேரளக் கல்வித் துறை அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் இதை எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மலையாளம் என்றால் கடகடவென்று ஓடும், தமிழ் வந்தால் மூச்சு வாங்கும். பரவாயில்லை, மெதுவாகவே படியுங்கள். நான் சொல்லப் போவதே அவசரமாக ஒரு வரி எழுதியதால் வந்த வினைதான்.

முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலை பார்த்தேன். ஃபைல் கட்டுவது, குறிப்பு எழுதுவது, எந்தக் காகிதத்துக்கு எந்த முத்திரை, இதெல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அதைச் சொல்லித் தர நான் வேண்டாம். என்னிடம் இருப்பது ஒரு தவறு. பதவி உயர்வு, பாராட்டுப் பத்திரம் எல்லாம் மறந்து போய்விட்டன. இந்தத் தவறில் மட்டும் தேதி தவிர எல்லாம் நினைவிருக்கிறது.

எழுபதுகளின் பின்பாதி. கொச்சியில், மட்டாஞ்சேரிப் பக்கத்தில் ஓர் உதவிக் கல்வி அதிகாரியின் அலுவலகம். எது என்று சொல்லப் போவதில்லை, தேடவும் வேண்டாம். கீழே மசாலாக் கிடங்கு, மேலே நாங்கள். மழைக்காலத்தில் ஜன்னலைச் சாத்தினால் சுக்கும் மிளகும் சேர்ந்து மணக்கும், ஃபைலைத் திறந்தாலே தும்மல் வரும். நான் அங்கே கிளார்க். வயது இருபத்தெட்டு. எங்கள் வீடு மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் எண்ணெய்க் கடை வைத்திருந்த தமிழ் வீடு. அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு கடையில் உட்கார்ந்து அவருக்குத் தமிழ்ப் பத்திரிகையைச் சத்தமாகப் படித்துக் காட்டுவது என் வேலை. அப்படித்தான் எனக்குத் தமிழ் எழுத்து மறக்காமல் இருந்தது. ஆபீசில் அது யாருக்கும் பயன்பட்டதில்லை. “கோமதி சாறுக்குத் தமிழ் அறியும் கேட்டோ” என்று சாயா குடிக்கும்போது என்னைக் கிண்டல் செய்ய மட்டும் உதவியது. பெண்ணாக இருந்தாலும் ஆபீசில் சார்தான், அது இன்றும் மாறவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் தபாலில் தமிழில் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. தபால் பிரித்தவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு என் மேசையில் போட்டார்.

முதல் வரியே எனக்கு எழுதப்பட்டதுபோல் இருந்தது. “இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்கள் ஆபீசில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்று கேள்விப்பட்டேன். மற்றவர்களில் யார் ஹெட்மாஸ்டரின் ஆள் என்று எனக்குத் தெரியாது. அந்த ஒருவர் படித்தால் போதும்.”

பிறகு விஷயம். எங்கள் எல்லைக்குள் இருந்த ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. அப்போதெல்லாம் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு மதியம் கோதுமை நொய் உப்புமா கொடுப்பார்கள். நொய்யும் எண்ணெயும் அரசாங்கம் கொடுக்கும். அந்தப் பள்ளியில் வராத பிள்ளைகளும் சாப்பிட்டதாகப் பதிவேட்டில் எழுதுகிறார்கள், வந்த பிள்ளைகளுக்கோ பாதி வயிறுதான் நிறைகிறது, மிச்ச மூட்டையும் எண்ணெய் டின்னும் காலையில் சமையல்கட்டின் பின்வாசல் வழியாகக் கைவண்டியில் ஏறிக் கடைக்குப் போகின்றன என்று எழுதியிருந்தது. கடைசியில் ஒரு வரி: “என் பெயர் தெரிந்தால் என் பிழைப்பு போய்விடும். பிள்ளைகள் பசியோடு தட்டை வழிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.”

கடிதத்தை இன்னொரு தரம் படித்தேன். கோபம் வந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று வந்தது, அதை மறைக்க மாட்டேன். பெருமை. இத்தனை வருஷம் கிண்டலுக்கு ஆளான என் தமிழை ஒருவர் நம்பி வந்திருக்கிறார்! உட்கார்ந்த இடத்திலேயே ஒரு வார்த்தை பிசகாமல் மலையாளத்தில் எழுதி ஏ.இ.ஓ.விடம் கொண்டுபோனேன். உதவிக் கல்வி அதிகாரியைத்தான் ஏ.இ.ஓ. என்போம்.

எங்கள் ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் புகார் வந்தாலும் அதன் நகலை, யார் மீது புகாரோ அவருக்கே அனுப்பி விளக்கம் கேட்பது. கோழி காணாமல் போனதற்கு நரியிடம் எழுத்தில் பதில் வாங்குவது மாதிரி. ஆனாலும் அதுதான் நடைமுறை. ஏ.இ.ஓ. படித்துவிட்டு, “விளக்கம் கேட்டு அனுப்பு. ஆளு தெரியாதபடி பாத்துக்கோ” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஆள் தெரியாதபடி பார்த்துக்கொள்ள நானும், கிளார்க்குகளுக்கு மேலாளரான சூப்பிரண்டும் உட்கார்ந்தோம். சூப்பிரண்டுக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. ஒரு தகராறும் இல்லாமல் பென்ஷன் வாங்கிப் போய்விட வேண்டும் என்பதே அவர் பிரார்த்தனை. அதனால் எதிலும் அதிஜாக்கிரதை. முதல் வரியை நீக்கினார். “பின்வாசல் பாத்தவங்க எத்தர பேரு இருப்பாங்க? எடு” என்றார். சமையல்கட்டு போயிற்று. கைவண்டி போயிற்று. தட்டை வழிப்பது என்ற வரியை எடுக்க எனக்கு மனசே வரவில்லை, அதையும் எடுத்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. மொட்டையாக, எந்த ஊரில் எந்தப் பள்ளிக்கும் பொருந்துகிற மாதிரி ஐந்து வரி மிஞ்சியது. யார் எழுதினார் என்று இனி யார் அப்பன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நகலைத் தட்டச்சு செய்தேன். மொழிபெயர்த்த காகிதம் என்றால் மேலே சான்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. விதியைப் பின்பற்றினேன். “தமிழ் மூலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது.” கீழே என் கையெழுத்து, கொஞ்சம் அலங்காரமாகவே.

உங்களுக்குப் புரிந்திருக்கும். அன்று எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை.

காகிதத்தைக் கொண்டுபோனது எங்கள் பியூன் வர்கீஸ். திரும்பி வந்து கையெழுத்து வாங்கிய தபால் புத்தகத்தை மேசையில் வைத்தார். “கொடுத்தாச்சா?” என்றேன்.

“கொடுத்தாச்சு சாறே. மேல ஒரு வரிதான் வாசிச்சாரு. ‘தமிழா?’ன்னு ஒரு சிரி. அது கழிஞ்சு அடுப்படிப் பக்கமா ஒரு நோட்டம் பாத்தாரு. பாக்கிய வாசிக்கவே இல்ல.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் பன்னிரண்டு பேரும் மலையாளிகள். தமிழ் பேசுகிற ஒரே ஆள் சமையல்காரி மைமூன். பாலக்காட்டிலிருந்து கல்யாணமாகி வந்து, கணவனை இழந்து, அங்கே உப்புமா கிண்டுகிற மனுஷி. தினக்கூலி மாதிரியான வேலை. வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் ஹெட்மாஸ்டரின் வாய்ச்சொல்தான். நாங்கள் ஒரு மணி நேரம் வரி வரியாக வெட்டி மறைத்ததை, மேலே நான் எழுதிய ஒரே வரி விரல் நீட்டிக் காட்டிக் கொடுத்துவிட்டது.

சூப்பிரண்டிடம் ஓடினேன். அவர் முகம் வெளுத்தது. “ஒன்றும் ஆகாது, பொறு” என்றார். பொறுத்தேன். மறுநாள் காலை ஏதோ புள்ளிவிவரம் கேட்கும் சாக்கில் பள்ளிக்குப் போனேன். அடுப்படியில் வேறொரு பெண் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். மைமூன் எங்கே என்று கேட்டேன். நாலாம் வகுப்பு டீச்சர் ஒருவர் என் முகத்தைப் பார்க்காமலே, “அவங்க இனி வரமாட்டாங்க” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டார்.

மைமூனை ஜூ டவுனில், யூதர் தெருவில், ஒரு கிடங்கின் முற்றத்தில் கண்டுபிடித்தேன். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து சுக்கு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூசியில் முக்காட்டை மூக்குவரை இழுத்துக் கட்டியிருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். வரும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் அழுகைதான் வந்தது.

“அக்கா, தப்பு என்னோடது. அந்தக் காகிதத்துல தமிழ்னு எழுதினது நான்தான்.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னைச் சுவர் ஓரமாக இழுத்தார். “அதுக்கு எதுக்கு சாறே இப்படிக் கரையிறீங்க? ஆளுங்க பாக்குறாங்க.”

“கடிதம் நீங்க எழுதினதுன்னு என் வாயால யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியம்.”

அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டதுபோல் இருந்தது. “செரி, சொல்ல வேண்டா” என்றார். “புள்ளைங்களுக்கு இப்ப வயிறு நெறையச் சோறு கிடைக்குதா, அதப் பாருங்க. எனக்கு இங்க சுக்கு இருக்கு.”

தினம் எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்டேன். பள்ளியில் வாங்கியதில் பாதிகூட இல்லை. வீட்டில் வயதான மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். அதை அவர் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்.

அடுத்த வாரம் ஹெட்மாஸ்டரே ஆபீசுக்கு வந்தார். சலவைச் சட்டை, கக்கத்தில் குடை, முகமெல்லாம் சிரிப்பு. ஒவ்வொருவரிடமும் வீட்டுச் சௌக்கியம் விசாரித்துக்கொண்டே ஏ.இ.ஓ. அறைக்குள் போனார். கதவு திறந்துதான் இருந்தது.

“புகார் கொடுத்தது யாருன்னு தெரியாம நான் எப்படி சாறே பதில் எழுதறது? எனக்கும் நியாயம் வேண்டாமா? மூலத்தை ஒருதரம் காட்டுங்க. சமையல் சுத்தமில்லைன்னு ஒருத்தியைக் கண்டிச்சேன். அந்த வெறுப்புல எழுதினதாக்கும். அவ கையெழுத்துன்னு உறுதியாச்சுன்னா கதை தீந்தது.”

ஏ.இ.ஓ. மணியடித்தார். “கோமதி, அந்தத் தமிழ்க் கடிதத்தை எடுத்துட்டு வா.”

கடிதம் என் இழுப்பறையில் இருந்தது. சாவி என் கையில் இருந்தது. எழுந்திருக்க வேண்டிய நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். சூப்பிரண்டு பக்கத்தில் வந்து குனிந்து, “காணோம்னு சொல்லிடு. தேடறோம்னு சொல்லு. ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கொடுத்தால் ஹெட்மாஸ்டர் கையெழுத்தைப் பார்ப்பார். காணோம் என்றால் அவர் இன்னும் பெரிதாகச் சிரிப்பார். காணாமல் போன கடிதத்தில் சொன்ன திருட்டும் காணாமல் போய்விடும், மைமூன் சுக்குத் தூசியிலேயே கிடப்பார். பொய் சொல்லி ஒருவரைக் காப்பாற்றலாம் என்று தோன்றுகிற நேரம் எல்லோருக்கும் வரும். அந்தப் பொய் யாருக்கு லாபம் என்று அரை நிமிஷம் யோசியுங்கள். பெரும்பாலும் தப்புச் செய்தவனுக்குத்தான்.

ஒரு தாளை எடுத்து எழுதினேன். அலங்காரக் கையெழுத்தெல்லாம் பறந்து போயிற்று. “மூலக் கடிதம் என் பொறுப்பில் பத்திரமாக இருக்கிறது. எழுதியவரை மறைக்க வேண்டும் என்ற உத்தரவை மீறி, மொழியின் பெயரை நகலில் குறிப்பிட்டது என் தவறு. அதனால் ஒருவர் ஏற்கெனவே வேலை இழந்திருக்கிறார். மூலத்தைப் புகாருக்கு உள்ளானவரிடம் காட்டச் சொன்னால் அதை எழுத்தில் தரும்படியும், அதற்கு முன் என் தவறுக்கு என்மேல் நடவடிக்கை எடுக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.”

தாளை எடுத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் நாற்காலி நகரும் சத்தம். சூப்பிரண்டு எழுந்து வந்து தாளை என் கையிலிருந்து வாங்கினார். படித்தார். இந்த மனுஷன் கிழித்துப் போடப் போகிறார் என்றே நினைத்தேன். என் கையெழுத்துக்குக் கீழே “இந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு” என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பென்ஷனுக்கு இரண்டு வருஷம் இருந்த மனுஷன். அவரை நான் எத்தனை தரம் கோழை என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன்! அன்று வெட்கமாக இருந்தது.

ஏ.இ.ஓ. தாளைப் படித்தார். முகம் சிவந்தது. எங்களைத் திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஹெட்மாஸ்டரிடம், “மூலம் விசாரணை அதிகாரிக்குப் போகணும். நீங்க பதிலை எழுத்துல தாங்க” என்றார். விசாரணை என்ற வார்த்தை அந்த அறையில் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டது. ஹெட்மாஸ்டர் குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

அவர் போனபின் எங்கள் இருவருக்கும் வசவு கிடைத்தது, அது வேறு கதை. கடிதத்தை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்துத் தன் அலமாரியிலேயே பூட்டிக்கொண்டார் ஏ.இ.ஓ.

விசாரணை நடக்க மூன்று மாதம் ஆயிற்று. எர்ணாகுளத்திலிருந்து ஓர் அதிகாரி படகேறி வந்தார். எழுதிக்கொள்ள என்னை அவரோடு அனுப்பினார்கள். நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்: சந்தேகப்பட்டவரை மட்டும் கூப்பிட வேண்டாம், எல்லோரையும் கூப்பிடுங்கள், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். அவர் ஒத்துக்கொண்டார். வருகைப் பதிவேட்டில் இருந்த வரிசைப்படி பன்னிரண்டு ஆசிரியர்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். தினம் எத்தனை பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்? மூட்டை எங்கே இருக்கும்? சாவி யாரிடம்? பாதிப் பேர் “நான் கவனிச்சதில்ல” என்றார்கள். இரண்டொருவர் தலையைக் குனிந்துகொண்டு எண்ணிக்கை சொன்னார்கள். புகார் எழுதியது யார் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.

பழைய சமையல்காரி என்ற முறையில் மைமூன் கடைசியாக வந்தார். துவைத்த முக்காடு, கையில் சுக்குத் தூசியின் கறை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“தினமும் எத்தனை படி நொய் போடுவீங்க?” என்று நான் தமிழில் கேட்டேன்.

“ஹெட்மாஸ்டரு அளந்து தர்றதத்தான் போடுவேன். பத்துப் படி. மழைன்னா எட்டு.”

பதிவேட்டில் தினமும் பதினெட்டு என்று இருந்தது. மழை என்ற ஒன்றே அந்தப் பதிவேட்டுக்குத் தெரியாது. அவர் சொன்னதையெல்லாம் எழுதி, அவருக்கு ஒருமுறை படித்துக் காட்டி, தாளை அவர் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினேன்.

அவர் பேனாவை வாங்கவில்லை. இடது கையை முந்தானையில் துடைத்துவிட்டுக் கட்டைவிரலை நீட்டினார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. “கையெழுத்துப் போடுங்க அக்கா” என்றேன்.

“எனக்கு எழுத்து அறியாது சாறே. எந்த எழுத்தும்.”

அதிகாரிக்கு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அந்த விரலைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த சம்பளப் பதிவேட்டை இழுத்துப் பிரித்தார். நாலு வருஷமாக, மாதா மாதம், சமையல்காரி மைமூன் சம்பளம் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக உருண்டை உருண்டையாக அழகான மலையாளக் கையெழுத்து இருந்தது. எழுதியிருந்த தொகையும் அவர் கையில் வாங்கிய தொகையும் வேறு வேறு என்பது அடுத்த கேள்வியிலேயே தெரிந்தது. ஹெட்மாஸ்டர் ஒரு மாதமாவது அவரிடம் கையெழுத்துக் கேட்டிருந்தால், அவருக்கு எழுதத் தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டிருப்பார். கேட்காமல் தானே போட்டுக்கொண்டதால் தெரியவில்லை. அவளுடைய கையெழுத்தைக் காட்டுங்கள் என்று ஆபீசில் வந்து நின்றவர் அவர்!

அதிகாரி மைப்பெட்டியை நகர்த்தி வைத்தார். மைமூன் விரலை அழுத்தினார். “இது போதும். அந்த உறையைப் பிரிக்க வேண்டியதில்லை” என்றார் அதிகாரி.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வராந்தாவில் மைமூன் பின்னாலேயே போய் அவரை நிறுத்தினேன்.

“அக்கா, அப்ப அந்தக் கடிதம்? யாரையாவது விட்டு எழுதச் சொன்னீங்களா?”

“நான் ஆர்கிட்டயும் ஒண்ணும் சொல்லலே.”

“எழுதத் தெரியாதுன்னு அன்னைக்கே ஹெட்மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேலை போயிருக்காதே! என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே! மூணு மாசமா தூசியில உக்காந்து...”

அவர் குரலைத் தாழ்த்தினார். வகுப்புகளில் பிள்ளைகள் சத்தமாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். “நான் இல்லேன்னு சொன்னா அடுத்த ஆளத் தேடுவாங்க சாறே. நான்னு நெனச்சிட்டு இருந்தா தேட மாட்டாங்க. அவ்வளவுதான்.”

“அவங்க யாருன்னு உங்களுக்கு...”

“கேக்க வேண்டா.”

கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் கை வைக்கப் போகிற குழந்தையிடம் சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு படியிறங்கிப் போய்விட்டார்.

அங்கேயே நின்றேன். காப்பாற்றும் பொறுப்பு என்னுடையது என்றுதான் மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். விதி தெரிந்த நான், சம்பளம் வாங்குகிற நான், மேலே ஒரு வரி எழுதி எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்தேன். எந்த எழுத்தும் தெரியாத மனுஷி ஒன்றுமே சொல்லாமல் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் ஹெட்மாஸ்டரைப் போலவேதான் யோசித்திருக்கிறேன். தமிழ் என்றதும் அவருக்கு அடுப்படி நினைவு வந்தது, எனக்கும் அதேதான் வந்தது. அவரிடம் போய் அழுதபோதுகூட, எழுதியது நீங்களா என்று நான் கேட்கவில்லை. நீங்கள்தான் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் அழுதேன். இன்றைக்கும் அதை நினைத்தால் முகம் சுடுகிறது.

ஹெட்மாஸ்டரைத் தற்காலிகமாக நீக்கினார்கள், பிறகு பணத்தைத் திரும்பப் பிடித்தார்கள். மைமூன் மறுபடி அடுப்படிக்கு வந்தார். வேலையில்லாத மூன்று மாதத்துக்குச் சம்பளம் கேட்டு நான் எழுதிய குறிப்பு, அப்படிக் கொடுக்க விதியில்லை என்று திரும்பி வந்தது. திரும்பத் திரும்ப எழுதினேன், திரும்பத் திரும்ப வந்தது. எனக்கும் சூப்பிரண்டுக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கை மெமோ கிடைத்தது. அவர் அதை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டார். ஓய்வு பெறும் நாளன்று சாயா குடிக்கும்போது எடுத்துக் காட்டி, “இத்தர வருஷத்துல நான் உருப்படியா வாங்கினது இது ஒண்ணுதான்” என்று சிரித்தார். பென்ஷன் தடையில்லாமல் வந்தது.

அதற்குப் பிறகு என் மேசையிலிருந்து வெளியே போன ஒவ்வொரு காகிதத்தையும் ஒருமுறை எதிராளியாக உட்கார்ந்து படிப்பேன். என்ன மறைத்தோம் என்று பார்க்க மாட்டேன், என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பேன். தாளின் நிறம், தபால் முத்திரை, வந்த கிழமை, மொழி, எல்லாமே பேசும். இந்த ஒரு பழக்கத்தைத்தான் உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போக விரும்புகிறேன்.

எண்பதுகளின் நடுவில் அதே ஆபீசுக்கு நான் சூப்பிரண்டாக வந்தேன். காலாவதியான ஃபைல்களை அழிக்க உத்தரவு வந்தபோது, பழைய அலமாரியிலிருந்து அந்த உறை வெளியே வந்தது. அரக்கு உடையவில்லை. உறைக்குள் இருந்த கையெழுத்து எனக்கு மறந்திருக்கவில்லை. பன்னிரண்டு ஆசிரியர்களில் யாருடையது என்று ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தால் அன்று முடிந்திருக்கும். அவர்களில் சிலர் அப்போதும் அதே பள்ளியில் இருந்தார்கள். யாரோ ஒருவர் எங்கேயோ தமிழ் கற்று, வெளியே காட்டிக்கொள்ளாமல், என்னை நம்பி எழுதியிருக்கிறார். மைமூன் இன்னும் அங்கே சமைத்துக்கொண்டிருந்தார், உப்புமா போய்க் கஞ்சியும் பயறும் வந்திருந்தது. உறையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பிறகு முற்றத்தில் எரிந்துகொண்டிருந்த குவியலில், பிரிக்காமல், நானே போட்டேன். சாம்பலாகும்வரை நின்றேன்.

இதை எந்தக் கூட்டத்தில் சொன்னாலும் முடிந்ததும் யாராவது ஒருவர் கையைத் தூக்கி, “அப்போ அந்தக் கடிதத்தை எழுதியது யார் மேடம்?” என்று கேட்கிறார்கள். உங்களுக்கும் இப்போது அதுதான் நாக்கு நுனியில் இருக்கும். எனக்கும் அந்த ஆசை இன்னும் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சலவைச் சட்டையும் கக்கத்துக் குடையும் நினைவுக்கு வருகின்றன. எங்கள் ஆபீசுக்கு வந்து அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அவர்தான்.